லைன்ல இரு

“லைன்ல இருக்கியா, பூர்ணிமா?”

ஹெல்மெட்டுக்குள் தமிழரசனின் குரல் இரண்டு காதுகளிலும் ஒரே சமயத்தில் விழுந்தது.

“ம்” என்றாள் அவள்.

கும்பகோணத்தில் பள்ளிக்கூட வாசலிலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டி, பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் தன் உயரத்துக்குத் திருப்பிவைத்துவிட்டுத்தான் புறப்பட்டிருந்தாள்.

அந்த ஹெட்செட் கல்யாண நாளுக்குத் தமிழரசன் மனைவிக்கு வாங்கித் தந்தது. ஹெல்மெட்டின் உள்பஞ்சுக்குள் இரண்டு ஸ்பீக்கர், வாயருகே ஒரு குட்டி மைக். பள்ளிக்கூடம் விட்டதும் போன் போட வேண்டும், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்வரை துண்டிக்கக் கூடாது. வழியெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகக் கொடுத்துவைத்தவள் என்று கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் நினைத்திருந்தார்கள்.

“பஸ் ஹாரன் கேட்டுது. இப்ப திருவிடைமருதூர் கடைத்தெரு. சரியா?”

“ம்.”

“போன்ல மேப் பாக்காமலே சொல்றேன் பாத்தியா?” சின்னதாக ஒரு சிரிப்பு. “அது என்ன இன்னைக்கு வெறும் ம்? வாயத் தொறந்து பேசு.”

அவள் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை மேலே தள்ளினாள். மழைக்காற்று மைக்கில் அறைந்து இரைந்தது.

“காதே போயிடும் போலருக்கு. மூடு, மூடு!”

கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டிவிட்டு மூடினாள். மழைக்கோட்டின் உள்பையில் இன்னொரு போன் இருந்தது. அது அங்கே இருப்பது தமிழரசனுக்குத் தெரியாது. அது எப்போது அதிரும் என்றுதான் கும்பகோணத்திலிருந்து காத்துக்கொண்டு வந்தாள். இன்னும் அதிரவில்லை.

கடைத்தெரு முடிந்து வண்டி வயல்சாலையில் இறங்கியது. இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. ஆள் நடமாட்டம் இல்லை.

“முந்தாநாள் நடந்தத மனசுல வச்சுக்கிட்டுத்தான இப்படி இருக்க? கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா நான் ஏன் கைய நீட்டப்போறேன்?”

அவள் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினாள்.

“காலைல என் தங்கச்சி வானதி போன் பண்ணுனா. அண்ணி கன்னம் ஏன் வீங்கியிருக்குங்கறா. அவகிட்ட ஏதாவது சொன்னியா?”

“ம்ஹூம்” என்றாள்.

“நீ சொல்லியிருந்தேன்னு தெரிஞ்சுது…”

அவன் முடிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. ஒரு மனுஷன் இத்தனை மெதுவாகப் பேசியே இப்படி நடுங்க வைக்க முடியும் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாமல் இருந்தது.

வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். அதற்கு அப்பால் நாலைந்து வயல் தாண்டினால் வீடு.

“ஏன் நிக்கிற?”

இடது காதோரம் இருந்த பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். அவன் குரல் தேய்ந்து தேய்ந்து, ஹெல்மெட்டுக்குள் புகுந்துவிட்ட கொசுவைப்போல ஆனது. மதகில் தண்ணீர் கொப்பளித்து விழுந்தது. போகவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் மழையில் நின்றாள்.

உள்பையில் போன் அதிர்ந்தது. நனைந்த விரலால் திரையைத் துடைத்துப் படித்தாள். ‘வந்து சேர்ந்துட்டேன். இனி பயமில்லை.’

கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள். பிறகு பக்கத்துப் பொத்தானை அழுத்தி ஒலியைக் கூட்டினாள்.

“…யாரு கூட நிக்கிற? யாருடி அங்க? வாயத் தொறக்க மாட்ட இல்ல? வீட்டுக்கு வா. இன்னைக்கு இருக்கு உனக்கு.”

இப்போது வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. ஆக்ஸிலேட்டரைத் திருகினாள்.

வீட்டு வாசலில் இரும்புக் கேட் திறந்திருந்தது. வண்டி உள்ளே நுழைந்ததும் தமிழரசன் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டான். மழையையும் பொருட்படுத்தாமல் நிதானமாக நடந்து வந்து சாவியைத் திருகி உருவிக்கொண்டான். இருட்டிக்கொண்டு வந்த வாசலில் மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக அவள் இறங்கி நின்றாள்.

“யாரு கூட நின்ன?”

போன் இன்னும் அவன் கையில் இருந்தது. அவன் குரல் எதிரிலிருந்து ஒரு தடவையும், சற்றுப் பிந்தி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு தடவையும் கேட்டது.

“ஹெல்மெட்டக் கழட்டு.”

சொல்லும்போதே அவனுடைய வலது கை மேலே போய்விட்டது.

அவள் தாடைக்குக் கீழே வாரை விடுவித்தாள். அவசரமில்லாமல் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி சீட்டின்மேல் வைத்தாள். முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

“அண்ணி இனிமே வரமாட்டாங்கண்ணே.”