அரை மணி முந்திய காற்று

"போறப்ப நாலேகால் மணி நேரம் ஆச்சே, வர்றதுக்கும் அதானே மச்சான்?" என்று நேற்று போனில் கேட்டாள் சபீனா. "இல்ல புள்ள. மேக்கேருந்து அடிக்கிற காத்து வர்றப்ப பிளேனைத் தள்ளிவிடும். அரை மணி முன்னாடியே இறங்கிருவேன்" என்றான் துபாயிலிருந்த அவள் புருஷன் இத்ரீஸ். "பூமி சுத்துறதுல நம்ம ஊரு தள்ளிப் போயிடாதா?" "காத்தும் பூமியோடதானே சுத்துது, மக்கு!"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து, அவனைக் கூட்டிவரப் பேசிய வேன்காரரிடம் பழைய கணக்கையே சொல்லிவிட்டாள். இப்போது பெரம்பலூருக்கு வெளியே, கரும்பு ஏற்றி வந்து பஞ்சரான டிராக்டருக்குப் பின்னால் வேன் நிற்கிறது. ஹாரன் சத்தம் காதைக் குடைகிறது. காலை வெயில் கண்ணாடியில் தெறித்துக் கண்ணைக் கூச, கரும்புத் தோகைகள் சரசரக்கின்றன. மடியிலிருக்கும் தூக்குச்சட்டியில் அவனுக்குப் பிடித்த இடியாப்பம் ஆறிக்கொண்டிருக்கிறது. போன் அடிக்கிறது. "திருச்சி ஏர்போர்ட் வாசல்ல நிக்கிறேன். சொன்னேன்ல?" என்று சிரிக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முப்பதே நாள் லீவு. அதிலும் அரை மணிக்கு மேல் இந்த ரோட்டில் போகிறது. சட்டியின் பிடியை இறுக்கிப் பிடிக்கிறாள். அவன் துபாய்க்குப் போன இந்த ஒன்பது வருஷமாகச் சொல்லாதது தானாக வெளியே வருகிறது.

"சிரிக்காதீங்க. காத்தே உங்கள இங்கதான் தள்ளிவிடுது. இனிமே போவாதீங்க மச்சான்."