மகள் கடைக்கு ஒரு லிங்க்

"ஐயோ, என் கடையைக் காணோமே!"

செருப்புக் கடைக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார்.

கடை எங்கும் போய்விடவில்லை. தன் இணையதளத்தில் புதிதாக வைத்த பாப்-அப் பெட்டியில் ஒரு லிங்க் இருந்தது. அதை அமுக்கினார், அவ்வளவுதான். திரையில் இருந்த அவர் கடை மறைந்து, அதே இடத்தில் மகளின் கடை வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

அதுவும் எப்படிப்பட்ட கடை! மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் பெண்கள் செருப்புகள்.

இந்த நிறங்களால்தான் வம்பே வந்தது. "கறுப்பையும் பழுப்பையும் விட்டா உங்களுக்கு வேற நிறமே தெரியாதாப்பா?" என்று மகள் கேட்டாள். "அவ்வளவு ஆசையா இருந்தா நீயே ஒரு கடை போட்டுக்கோ" என்று இவர் சொல்லித் தொலைத்தார். அவளும் அடுத்த தெருவில் நிஜமாகவே போட்டுவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

திறப்பு விழாவுக்குக்கூட இவர் போகவில்லை. வீட்டிலேயே வீறாப்பாக இருந்தார். அன்றைக்குச் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

இப்போது அவருக்கு வேண்டியது இதுதான். பெண்கள் செருப்பு கேட்டு வருகிறவர்கள் மகள் கடைக்குப் போக வேண்டும். அனுப்பியது அப்பா என்று அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மானம் என்னாவது? நல்லவேளை, அவள்தான் இந்தப் பக்கம் எட்டியே பார்க்க மாட்டாளே.

இணையதளத்தைச் செய்துகொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை அவர் 'வெப்சைட் பொண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விசைப்பலகையில் படக்கென்று ஒரு தட்டு தட்டினாள். அவர் கடை திரும்பி வந்தது. அவருக்கு மூச்சும் வந்தது.

அடுத்த முறை லிங்க் பிரவுசரில் புது டேப் ஒன்றில் திறந்தது. அவர் கடை ஒரு டேப்பில், மகள் கடை இன்னொரு டேப்பில்.

"இது தனிக்குடித்தனம் மாதிரியில்ல இருக்கு. வேணாம்மா."

தனிக்குடித்தனம்தான் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறதே, அதைத் திரையிலும் வேறு பார்க்க வேண்டுமா?

அவள் மறுபடி எதையோ மாற்றினாள். இந்தத் தடவை லிங்க் எங்கேயும் ஓடவில்லை. பாப்-அப் பெட்டிக்குள்ளேயே திறந்தது. நடுவில் மகளின் கடை, சுற்றி நாலு பக்கமும் அவர் கடை.

அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இப்படி ஒரே கூரைக்குள் இருந்திருக்கலாம்.

"இதுதான். இதையே வச்சிடும்மா."

"மூடினா சரியா மூடுதான்னு நீங்களே பார்த்திடுங்க சார்" என்று அவள் மவுஸை அவர் பக்கம் தள்ளினாள். இதுவரை திறந்ததை எல்லாம் விசைப்பலகையில் மூடியது அவள்தான்.

அவர் அம்புக்குறியை மூலையில் இருந்த பெருக்கல் குறியை நோக்கி மெதுவாக நகர்த்தினார். மகள் கடையின் எல்லையைத் தாண்டியதும் அந்தக் கடைக்குள்ளிருந்து இன்னொரு பெட்டி குதித்தது. கிளம்பப் பார்க்கிறவர்களை மட்டும் வழிமறிக்கிற பெட்டி அது.

'அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா? வீட்டு ஆம்பளைங்களுக்கும் செருப்பு வேணும்னா எங்க அப்பா கடைக்குப் போங்க. கொஞ்சம் முறைப்பார். பயப்படாதீங்க.'

கீழே ஒரு லிங்க்.

அமுக்கினார். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவருடைய கடையே தீப்பெட்டி அளவில் திறந்தது. அதற்குள் அவர் வைத்த பாப்-அப். அதற்குள்ளும் மகள் கடைக்கு ஒரு லிங்க்.

"இது எப்போ போட்டது?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"கடை திறந்த அன்னைக்கே சார். அவங்க சைட்டும் நான்தான் செஞ்சேன். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"அப்ப நான் இதைச் செய்யறது அவளுக்கு..."

"தெரியாது சார். நீங்களும் அதையேதானே சொன்னீங்க!"

அவர் அவளை முறைக்கத்தான் பார்த்தார். சிரிப்பு முந்திக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, கைபேசியை எங்கே வைத்தோம் என்று மேசை முழுக்கத் தேட ஆரம்பித்தார்.