பெயர் தெரியாத தம்பதி

திரையில் மூன்றாவதாக வந்த படம் கங்கையம்மாளின் கல்யாணம்.

மேற்குத் தாம்பரத்தில் மருந்துக் கடைக்கு மேலே ஒரு சின்ன மண்டபம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புத்தக வெளியீடு. பாதி நாற்காலி நிறைந்திருந்தது. இலக்கியக் கூட்டத்துக்கு அதுவே திருவிழாக் கூட்டம்.

படத்தில் ஒரு மேடை. மேடையில் மாலையோடு இருபத்திரண்டு வயது கங்கை. பக்கத்தில் தயாளன், தலை நிறைய முடியும் அடர்ந்த மீசையுமாக. ஐயர் இல்லை, அக்கினி இல்லை, தாலிகூட இல்லை. மைக் மட்டும் இருக்கிறது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த மைக்கைப் பிடித்துப் புரட்சி பேச, பெண்ணும் மாப்பிள்ளையும் பசியோடு நின்றார்கள்.

அந்தப் படத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. எடுத்தவர் ஒரு பிரதி தருவதாகச் சொன்னார், தரவில்லை. நமக்கென்று ஒரு கல்யாணப் போட்டோ இல்லாமல் போயிற்றே என்று தயாளன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் மாளவிகா. கங்கையம்மாளின் மகள் ஸ்நேகாவுக்கு மாமியாராக வரப்போகிறவர். வரலாறும் நாவலுமாகப் படித்துத் தள்ளுகிறவர். சேலையூர் வீட்டில் தனியாக என்ன செய்யப் போகிறீர்கள் என்று மேடவாக்கத்திலிருந்து காரில் வந்து இங்கே அழைத்துவந்ததும் அவர்தான்.

என்ன புத்தகம் என்று கங்கையம்மாள் கேட்கவில்லை. இந்த வட்டாரத்துச் சீர்திருத்தத் திருமணங்களின் வரலாறு என்று தெரிந்திருந்தால், தலைவலி என்று படுத்திருப்பாள்.

ஸ்நேகாவுடையது காதல் கல்யாணம்தான். இருவருக்கும் ஓ.எம்.ஆரில் ஒரே ஆபீஸ். மாளவிகா சாதியெல்லாம் கேட்கவில்லை, அது நாகரிகம் இல்லை. குலதெய்வம் எது என்று மட்டும் கேட்டார்.

தயாளன் வீட்டுச் சாமியின் பெயரைச் சொன்னால் ஊர் மட்டுமல்ல, ஊரில் எந்தத் தெரு என்பதும் வெளியே வந்துவிடும். ஸ்நேகா அம்மா வீட்டுச் சாமியின் பெயரைச் சொன்னாள். அட, எங்கள் பக்கத்துச் சாமி என்று பூரித்துப்போன மாளவிகா, அன்றைக்கே பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவும் அம்மாவும் ஒரே ஆட்கள் என்றே இருக்கட்டும், கல்யாணம் முடிகிறவரை வாயைத் திறக்காதே என்று மகள் கேட்டுக்கொண்டாள்.

கங்கையம்மாளுக்கு வயிறு எரிந்தது. தயாளனோடு போனதற்காக அவளைத் தலைமுழுகியவர்கள் அவளுடைய அண்ணன்கள். அந்த அண்ணன்கள் கும்பிடுகிற சாமி இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிறது. ஆனால் மகள் அழுதாள். முன்பு பேசிய இடம்போல இதுவும் நின்றுபோனால் தாங்க மாட்டேன் என்றாள். தாய் சரி என்றுவிட்டாள்.

மேடையில் நூலாசிரியர் பேசிக்கொண்டிருந்தார். இந்த ஒரு படத்தில் இருப்பவர்களின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் என்றார்.

நாங்கள்தான் என்று எழுந்து சொல்ல அவள் உடம்பு துடித்தது. தயாளன் இருந்திருந்தால் நாற்காலி மேலேயே ஏறி நின்றிருப்பார். அவள் முழங்கால்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மாளவிகா அவள் பக்கம் சாய்ந்தார்.

"எவ்ளோ தைரியம் பாருங்க சம்பந்தி, அந்தக் காலத்துலயே. அந்தப் பொண்ணு மூஞ்சில பயமே இல்ல."

பயம் இருந்தது. அண்ணன்கள் ஆள் அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவள் தயாளனின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். படத்தில் அது மாலைக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது.

கங்கையம்மாள் தலையை ஆட்டினாள். கண் திரையை விட்டு நகரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் படம் இருக்கக்கூடாதா என்று மனசு கெஞ்சியது. வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது வழுக்கையும் தடித்த கண்ணாடியுமான தயாளன். அவர் போனதிலிருந்து கண்ணை மூடித் தேடும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த முகம்தான் வரும். இந்த முகம் வந்ததே இல்லை. இதற்காக அவள் எத்தனையோ ராத்திரி ஏங்கியிருக்கிறாள்.

மாளவிகா போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார்.

"அத எனக்கு அனுப்புறீங்களா?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோமே என்று கங்கையம்மாளுக்கு உறைத்தது.

உங்களுக்கும் இதிலெல்லாம் ஆர்வமா என்று மாளவிகா சந்தோஷப்பட்டார். தனியாக எதற்கு, எல்லோரும் பார்க்கட்டும் என்று, இரண்டு குடும்பமும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பிலேயே அதைப் போட்டுவிட்டார். கீழே 'நம்ம தாம்பரம், அந்தக் காலத்தில்' என்று ஒரு வரியும் எழுதினார். எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார்.

திரையில் அடுத்த படம் வந்தது. வேறு ஜோடி, வேறு மைக்.

கங்கையம்மாள் கைப்பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படம் வந்திருந்தது. விரலால் தயாளனைப் பெரிதாக்கப் போனாள்.

அதற்குள் கீழே ஒரு பதில் வந்து விழுந்தது. ஸ்நேகாவிடமிருந்து. ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அவள் அதை எழுதியிருக்க மாட்டாள்.

'அப்பா.'

பக்கத்தில் மாளவிகாவின் போனும் அதிர்ந்தது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் கங்கையம்மாள் மேடையைப் பார்த்துக் கையைத் தூக்கியபடி எழுந்து நின்றுவிட்டாள்.