கைதட்டலுக்குப் பின்

என் கணவர் தமிழழகனின் ஜாஸ் இசைத்தட்டுகளில் மிக அரிதானது நேற்றுதான் தபாலில் வந்தது. 1958இல் அமெரிக்காவில், கச்சேரி நடக்கும்போதே பதிவானது. காலையில் ஜெயங்கொண்டம் கிளம்பும் முன் அதைப் போட்டார். கைதட்டலுக்கு நடுவே தட்டிலிருந்து அவர் குரலே கேட்டது.

“நந்தினி, நான் போறேன்.”

எங்கள் வீட்டில் “போயிட்டு வரேன்” என்றுதான் சொல்வோம். “போறேன்” என்று சொல்லி யாரும் வாசல் தாண்டியதில்லை.

“இன்னிக்குப் போகாதீங்க.” பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

“அடி பைத்தியம், எவனோ வெள்ளக்காரன் உளர்றான்” என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்தார். “சரி, லீவு போட்டுடறேன். போதுமா?”

நிம்மதியாக மூச்சுவிட்டேன். தட்டு சுழன்றுகொண்டுதான் இருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் அதில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். அது என் குரல்.

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே நாற்காலியைத் தேடினார்.