சுற்று வழி

“மூக்கைத் தொடுறதுக்கு எதுக்கு சார் தலையைச் சுத்தணும்?”

டிக்கெட் அலுவலகப் பெண்ணுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கணினித் திரையை எதிரே இருந்தவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“எட்டாயிரம் கிலோமீட்டர். நேரா ஒரே விமானம், பத்து மணி நேரம். சாப்பிட்டுத் தூங்கி எழுந்தா ஊர் வந்துடும். நீங்க கேக்குறது ரெண்டு இடத்துல மாறிப் போறது. இருபத்தேழு மணி நேரம். விலையும் ஒண்ணும் குறைச்சல் இல்லை.”

“பரவாயில்லைம்மா. அதையே போடுங்க.”

அவளுடைய அனுபவத்தில் வாடிக்கையாளர்கள் இரண்டே வகை: சீக்கிரம் போக வேண்டும் என்பவர்கள், மலிவாகப் போக வேண்டும் என்பவர்கள். இவர் எதிலும் சேரவில்லை. மடியில் ஆறு வயதுப் பெண் குழந்தை வேறு.

“அப்பா, மேகத்துக்கு மேலே போயிட்டா மழை நம்மளை நனைக்காதா?”

“நனைக்காது கண்ணு. மழை நமக்குக் கீழே பெய்யும்.”

“அப்போ குடை வேண்டாமா?”

“இறங்கினதும் வேணும்டா.”

குழந்தை எதைக் கேட்டாலும் டிக்கெட் பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் பதில் சொன்னார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

“பாப்பாவையாவது நினைச்சுப் பாருங்க சார். நடுவுல ஒரு விமான நிலையத்துல ராத்திரி முழுக்கக் காத்துக் கிடக்கணும். துவண்டு போயிடுவா.”

“என் தோள்ல தூங்குவா.”

“சரி, தேதியைத் தள்ளிப் போடலாமா? அடுத்த வாரம் நேர் விமானத்துல நல்ல சலுகை இருக்கு.”

“இல்லைம்மா. வெள்ளிக்கிழமை கிளம்பியே ஆகணும்.”

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“அவசரம்னா நேர் விமானத்துல போகணும். அவசரம் இல்லைன்னா அடுத்த வாரம் போகணும். நீங்க என்ன சார், வேகமாக் கிளம்பி மெதுவாப் போறேங்கறீங்க!”

அவர் சிரிக்கவில்லை. குழந்தையின் பின்னலில் அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, மூன்றாவது முறையும் முடிச்சு நழுவியது.

“உங்க இஷ்டம்,” என்று அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். “ரெண்டு பேருக்கும் போக வரத்தானே?”

அவர் குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டார். “கண்ணு, அந்தச் சுவர்ல எத்தனை விமானப் படம் இருக்குன்னு எண்ணிட்டு வா, பாக்கலாம்.”

குழந்தை குதித்துக்கொண்டு ஓடிய பிறகுதான் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“எனக்குப் போக வர. பாப்பாவுக்குப் போக மட்டும். அங்கே அவ அம்மாகிட்ட ஒப்படைச்சுட்டு வரணும். வெள்ளிக்கிழமை இங்கிருந்து கிளம்பிடணும்னு கோர்ட்டு உத்தரவு. எப்போ போய்ச் சேரணும்னு அதுல சொல்லலைம்மா.”

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முகத்தை அதற்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் இருங்க சார். இதைவிடச் சுத்திப் போற வழி ஏதாவது இருக்கான்னு பாக்குறேன்.”