ஒன்று முதல் பதினைந்து வரை

"ஒன்டுலருந்து பதினைஞ்சு வரைக்கும் எதால பிரிச்சாலும் மிச்சம் வராது. அப்பிடி நம்பர்கள்ல ஆகச் சின்னது. கண்டுபிடிச்சா என்ட போனைத் தொறக்கேலும்" என்றாள் அஸ்ரியா.

"கணக்கு டீச்சரக் கட்டினதுக்கு இதுவும் வேணும்" என்று ரிஃபாஸ் சிரித்துத் தட்டிக்கழித்தான்.

அவள் மவுத்தாகி, அடக்கம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டான். எட்டையும் ஒன்பதையும் பெருக்கி, அதை ஐந்தாலும் ஏழாலும் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் பெருக்கினான். 360360.

அவள் பேசிப் பதிந்து வைத்தவை அந்தப் போனில் மட்டுமே இருந்தன. அந்தக் குரலை ஒருமுறை கேட்டால் போதும். போன் மதுரங்குளியில், அவளுடைய அண்ணன் நளீம் நானாவிடம் இருந்தது. ரிஃபாஸ் பஸ் ஏறினான்.

"மச்சான், நம்பர் கெடச்சிட்டு" என்றான் வாசலிலேயே.

"இனி நம்பர் எதுக்கு? நீ படுற பாட்டப் பாக்கேலாம, நேத்து பாலாவி போன் கடையில குடுத்து பூட்டை எடுத்துட்டேன். இந்தா, புதுசு மாதிரி இருக்கு."

புதிதாகத்தான் இருந்தது. ஒரு படம் இல்லை, ஒரு குரல் இல்லை.

"நல்லம்தானே?"

"ஓம் மச்சான்."

புதுப் பூட்டு எண் போடச் சொன்னது போன். 360360 என்று அழுத்தினான். உறுதிப்படுத்த மீண்டும் கேட்டது. மீண்டும் அழுத்தினான்.