முப்பத்தொரு பேரும் ஓர் அட்டையும்

ஓர் ஆஸ்பத்திரியின் பதிவறையில் டிஸ்சார்ஜ் பதிவேடும் இன்சூரன்ஸ் கோப்பும் குதித்துக்கொண்டிருந்தன. இந்த ஆண்டு எந்த ஆஸ்பத்திரியில் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் அதிகமோ, அங்கேதான் புது டாக்டரை அனுப்புவார்களாம்.

"என்னிடம் பன்னிரண்டு பேர்!" என்றது பதிவேடு.

"என்னிடம் பத்தொன்பது! ஆக முப்பத்தொன்று. மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் வெறும் ஒன்பதாம். டாக்டர் நமக்குத்தான்!" என்று கோப்பு ஆட, தூசி பறந்தது.

அலமாரியில் இருந்த நோயாளி அட்டை ஒன்று தும்மியது.

"அண்ணே, உங்க பன்னிரண்டு பேரும் ஒரே ஆள், என் சொந்தக்காரி மரகதவல்லிதான். மூணு வாரத்துக்கு ஒரு தரம் சேர்ந்து, ஊசி போட்டுக்கிட்டுப் போனாங்க."

"என் பத்தொன்பது?" என்றது கோப்பு.

"பன்னிரண்டு அதே ஊசிக்கு. ஏழு ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும். எல்லாம் அவங்கதான்."

கோப்பு நாடா அவிழ்ந்து சரிந்தது. பதிவேடு விசும்பியது. "போச்சு. நமக்கு ஒன்று, அங்கே ஒன்பது. டாக்டர் மலையடிவாரத்துக்குத்தான்."

அட்டை தயங்கியது. "இங்கே வர்றதுக்கு முன்னாடி அங்கே காட்டினோம் அண்ணே."

"எத்தனை தரம்?"

"ஒன்பது தரம்."

பதிவேடு பக்கங்கள் படபடக்கச் சிரித்தது. "அப்படியானால் டாக்டரை மரகதவல்லி வீட்டுக்கே அனுப்பச் சொல்லுங்கப்பா!"